புண்ணாக்கு அடுக்கிய அறை

மதலேனாள் ஆமணக்குப் புண்ணாக்கை உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள். கொடிக்காலில் வெற்றிலைக்குப் போடும் உரம் அது. அவள் புருஷன் பங்கிராஸ் வீட்டில் அதை இடிப்பது மருமகள் வேலை. மலைமேல் பெரியாற்று அணை எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள். ராயப்பன்பட்டி வீட்டில் வேறு இடமில்லையென்று மூட்டைகளைப் படுக்கிற அறையிலேயே அடுக்கியிருந்தார்கள்.

பிறந்த ஊரான அனுமந்தன்பட்டியில் அவளுக்குத் தும்மல்கூட அபூர்வம். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் மூக்கு அரித்தது, கண்ணில் நீர் வடிந்தது. அப்புறம் இழுப்பு. காற்று உள்ளே போய்விடும். வெளியே வர வழியில்லாமல் நெஞ்சு சீழ்க்கையடிக்கும். அந்தப் புண்ணாக்குத் தூளை அவள் உடம்பு பகையாக எடுத்துக்கொண்டுவிட்டது. கொஞ்சம் உள்ளே போனாலும் மூச்சுக்குழல்கள் வீங்கி, இறுகி, சளி கட்டின. இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. இங்கே இழுக்கிறது, தாய் வீட்டுக்குப் போனால் நிற்கிறது என்பது மட்டும் தெரியும். சொன்னால் பங்கிராஸ் சிரிப்பான்.

"வேலைக்குப் பயந்த மூச்சுடி அது."

ஊரில் அவன் சொன்னது வேறு: பெண் வீட்டார் வியாதியை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் அவள் இத்தனை வருஷமும் சோறு பொங்கினாள்.

அன்று இழுப்பு வந்து, பாதியில் உலக்கையைப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பங்கிராஸ் மகள் பிலோமினாவைக் கூப்பிட்டு உலக்கையைக் கையில் கொடுத்தான். அது முதல் மகள்தான் இடித்தாள். தை பிறக்குமுன் அவளுக்கும் கண் அரித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் புறப்படும் நேரம், சீலையைக் கட்டி முடிக்க முடியாமல் மூட்டைமேல் சாய்ந்து வாயைத் திறந்து காற்றைத் தேடினாள்.

மதலேனாள் மகளைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் காற்றாட உட்காரவைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பாத்தியா," என்றான் பங்கிராஸ். "ஒன் ரத்தம். எம்புள்ளைக்கும் ஏத்திவிட்டுட்ட."

"எங்க வீட்டுல அம்புட்டுப் பேரு இருக்காக. ஒருத்தருக்காவது இழுக்குதா, போயிக் கேளுங்க."

"கேட்டாச் சொல்லிருவாகளாக்கும்."

"அப்பச் சுருளியாண்டியக் கேளுங்க. ஒங்க புண்ணாக்கச் சுமந்து கொடிக்கால்ல தூவுற ஆளு. அவனுக்கும் நெஞ்சு கத்துது. அவனும் எங்கப்பனுக்குப் பொறந்தவனா?"

"வாயக் கொற."

"கொறச்சுத்தான் கெடந்தேன். என்னைய என்னமும் சொல்லுங்க. எம்மவள இந்தத் தூசிக்குள்ள விடமாட்டேன். மூட்டைய வெளிய எடுப்பீகளா, மாட்டீகளா?"

பங்கிராஸ் மூட்டைகளைப் பார்த்தான். கொடியில் கிடந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மூட்டை எதையும் தொடாமல், நிலையில் குனிந்து வெளியே போனான்.