சென்னாக்குன்னி போட்ட சூப்பு

என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. ஒன்பது மாதம் கடலில் இருப்பார், மூன்று மாதம் வீட்டில். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாகிறது. சேர்ந்து இருந்த காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஐந்து வருடம்கூடத் தேறாது. குழந்தை இல்லை. காலடிப்பேட்டையில் முதல் மாடியில் எங்கள் வீடு. இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன்.

ஒருத்திக்காகச் சமைப்பது கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகும். ஒருநாள் வைத்த குழம்பு மூன்று நாள் ஓடும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன், சாயங்காலம் தண்ணி கேன்காரர் வந்தால்தான் என் குரல் எனக்கே கேட்கும். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது அவர் வீட்டில் இருக்கும் மூன்று மாதம்தான்.

சென்ற முறை அவர் வந்தபோது வழக்கம்போல் காசிமேட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வந்து வறுத்தேன். அடுத்த நாள் நெத்திலிக் குழம்பு, அதற்கடுத்த நாள் நண்டு. எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, "நல்லா கீது" என்றார். தினமும் அதே சொல், அதே குரல். பிறகு பால்கனி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கிருந்து பார்த்தால் எண்ணூர் நெடுஞ்சாலைக்குத் திரும்பக் காத்திருக்கும் டிரெய்லர்களின் வரிசை தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் பின்னால் நின்று ஏதாவது சொன்னால் திரும்பிப் புன்னகை செய்வார். என் உறவுக்காரர்கள் எல்லாம், உன் வீட்டுக்காரர் தங்கமானவர், அதிர்ந்து பேச மாட்டார் என்பார்கள். உண்மைதான்.

நான்கு வாரம் இப்படிப் போனது. ஒருநாள் மாலை துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள் அறையிலிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. வயிறு குலுங்கச் சிரிக்கிற சிரிப்பு. கையில் இருந்த துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். வந்ததிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. அவர் வெளியே வந்ததும் கேட்டேன்.

"யாரு போன்ல?"

"கப்பல்ல சமைக்கிறவன். பிலிப்பைன்ஸ்காரன். அவன் சூப்பு இல்லாம நான் எப்டி கீறேன்னு கேக்கறான்."

"இன்னா சூப்பு?"

அவர் எதிரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். கொழுக்கட்டை மாதிரி ஒன்று, மைதா மாவில், உள்ளே கறி வைத்தது, அதைத் தெளிந்த சூப்பில் மிதக்கவிட்டுத் தருவான். குளிர்காலத்தில் வடக்குக் கடல் பக்கம் போகும்போது வேலை முடிந்து மேலே வந்தால் ஆளுக்கு ஒரு கிண்ணம் காத்திருக்கும். எல்லோரும் எண்ணெய்க் கறை படிந்த உடையோடே சுற்றி உட்கார்ந்து குடிப்பார்கள். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அந்த நான்கு வாரத்தில் பேசியதைவிட அந்தப் பத்து நிமிடத்தில் அதிகம் பேசினார். எனக்குப் பொறாமையாக இருந்தது. முகம் தெரியாத ஒரு சமையல்காரர்மேல் வரும் பொறாமைக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு திருவொற்றியூர் சூப்பர் மார்க்கெட்டில் உறையவைத்த சிக்கன் மோமோ ஒரு பாக்கெட் வாங்கினேன். அதில் பத்து இருந்தது. செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டே செய்தேன். ஐஸ் இளகட்டும் என்று வெளியே எடுத்து வைத்ததுதான் தப்பு. எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. பிய்த்துப் போட்டால் கொதியில் வாய் பிளந்து, கறி தனி, மாவு தனி.

அவர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே இது, கொழுக்கட்டைக் கஞ்சியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்று உள் அறையில் கேட்ட அதே சிரிப்பு. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. கிண்ணத்தை வைத்துவிட்டு, "எல்லாம் சரி, ஒரு ருசி கொறையுது. அவன் காஞ்ச எறா எதுவோ போடுவான், பொடியா இருக்கும்" என்றார்.

நான் ராயபுரத்தில் மீன் விற்கிற வீட்டில் பிறந்தவள். காய்ந்த பொடி இறாலை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுநாள் பள்ளி விட்டதும் மார்க்கெட்டில் கருவாடு விற்கும் அக்காவிடம் போய்ச் சென்னாக்குன்னி கேட்டேன்.

"வூட்டுக்காரரு வந்துகீறாராம்மே? தொக்கு பண்ணப் போறியா?"

"இல்லக்கா, சூப்பு."

"சென்னாக்குன்னில சூப்பா?" அளந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

அன்று மாலையே செய்தேன். ஒரு பிடி சென்னாக்குன்னியை மண் போக அலசி, ஈரம் வற்ற வெறும் சட்டியில் வறுத்தேன். தெருவரைக்கும் வாசனை போயிருக்கும். அதில் தட்டிய இஞ்சி, பூண்டு, மிளகு போட்டுத் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினேன். சோயா சாஸ் சில துளி. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும், இறாலிலேயே இருக்கும். இந்த முறை புதிதாக வாங்கி வைத்திருந்த பாக்கெட்டின் மோமோவை ஃப்ரீசரிலிருந்து நேராகக் கொதியில் இறக்கினேன். முதலில் அடியில் போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக வழவழவென்று மேலே வந்தது. வெங்காயத்தாள் தூவி இறக்கினேன். மொத்தம் இருபது நிமிடம் ஆகியிருக்காது.

அவர் ஒரு கரண்டி குடித்தார். பிறகு இன்னொன்று. சிரிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அங்க கீறப்போ இன்ஜின் சத்தத்துல படுத்துகினு வூட்டையே நெனச்சுகினு இருப்பேன். நீ துன்னியா, கதவ சாத்துனியான்னு. இங்க வந்து படுத்தா அந்தச் சத்தம் இல்லாம தூக்கமே வர்ல. எங்க இருந்தாலும் பாதி ஆளுதான் நானு."

"என்னாண்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ இன்னா நெனப்பியோன்னுதான்."

அப்போது சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததை நானும் சொல்லிவிட்டேன்.

"நீங்க இல்லாதப்போ ஒண்டியா கீறதே எனக்குத் தெரியறதில்ல. நீங்க அந்த நாற்காலில உக்காந்துகினு கீறப்போதான் வூட்டுல யாருமே இல்லாத மாரி கீது."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சூப்பு ஆறிப் போனது. எழுந்து போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தேன். குடித்து முடித்தோம்.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். அவர் அதே மாதிரிதான் இருந்தார், பால்கனியில் உட்காரத்தான் செய்தார். ஆனால் வாரத்தில் ஒருநாள் சமையலறைக்கு வந்து வெங்காயத்தாள் நறுக்கித் தருவார். அந்தச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும். இடிக்கட்டும் என்று நான் நகராமல் நிற்பேன்.

கப்பலுக்குக் கூப்பிட்டார்கள். பெட்டி கட்டும்போது அரைக்கிலோ சென்னாக்குன்னியை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, சட்டைகளுக்கு நடுவில் வைத்தார். சமையல்காரருக்கு. எனக்குக் கோபம் வரவில்லை. கசியாமல் இருக்க நான்தான் டேப் ஒட்டிக்கொடுத்தேன்.

அவர் போன பிறகு வந்த முதல் ஞாயிறு மத்தியானம், பழக்க தோஷத்தில் பாக்கெட்டைப் பிரித்துப் பத்தையும் போட்டுவிட்டேன். நான்குக்கு மேல் இறங்கவில்லை. அந்த நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

"இன்னா துன்னே?"

"சூப்பு."

"ஒண்டியாவா?"

"வேற யாரு கீறாங்க இங்க."

லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். போகவில்லை. "கீறேன்" என்றார் மெல்ல. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டார்.

மிச்சமிருந்த ஆறும் சாயங்காலத்துக்குள் ஊறிப் பெருத்துப் பசை மாதிரி ஆகிவிட்டன. தூக்கிக் கொட்ட வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் சரிபாதி, ஐந்து மட்டும் போடுகிறேன். மீதியை ரப்பர் பேண்ட் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். அவர் வர இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.