அம்மன் மரத்துக்குத் தோல் ஆகாது

காந்தாவுக்கு வாய் அதிகம் என்று எங்கள் சந்தில் எல்லாரும் சொல்வோம். ஜோகுபாளையத்துக் குழாயடியில் அவள் நின்றால் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்காது. அப்படிப்பட்டவள் போன சித்திரையிலிருந்து வாயைத் திறப்பதில்லை. கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். நான் அவளுக்கு அடுத்த வீடு. ப்ளவுஸ் தைக்கிறேன். தையல் மெஷின் ஜன்னலோரம் இருப்பதால் அவள் வீட்டு முற்றம் முழுக்க என் கண்ணில் படும். பார்க்கக் கூடாதென்று தலையைக் குனிந்துகொண்டாலும் படும்.

அந்த முற்றத்தில் ஒரு பெரிய வேப்பமரம். போகிறவன் வருகிறவனெல்லாம் மரத்தடியில் ஒதுங்குகிறான் என்று ஒரு காலத்தில் காந்தாவின் மாமியார் அங்கே ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி வைத்தாளாம். ஒதுங்குவது நின்றது. கல்லும் அம்மனாகிவிட்டது. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற அளவுக்கு அம்மன் வளர்ந்துவிட்டாள். காந்தா டொம்ளூரில் ஒரு கம்பெனியில் தரை துடைக்கப் போகிறவள். விடியற்காலையில் அந்தக் கல்லுக்குத் தண்ணீர் தெளித்துப் பூ வைக்காமல் பஸ் பிடிக்க மாட்டாள்.

அவள் மகள் வீணாவை ஹெப்பகோடியில் கொடுத்திருந்தது. வீணா முதல் பிரசவத்துக்குத் தாய் வீடு வருவதாக ஏற்பாடு. தாயும் பிள்ளையும் படுக்கப்போகிற ஷீட் போட்ட அறைக்கு நேர் மேலே வேப்பமரத்தின் பெரிய கிளை. கோடை மழைக் காற்றில் அது ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் நானே மெஷினை நிறுத்திவிடுவேன். குழந்தை வருவதற்குள் அதை வெட்டிவிட வேண்டும் என்றார் காந்தாவின் புருஷன் முனிகிருஷ்ணன்.

நம் வீட்டு மரமே ஆனாலும் மாநகராட்சி ஆபீஸில் எழுதிக் கொடுத்து, அதிகாரி வந்து பார்த்து, அனுமதி கொடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அடுத்த தெருவில் அப்படித்தான் செய்தார்கள். முனிகிருஷ்ணன் தலையாட்டினார், மனுவோடு வைக்கப் போனில் மரத்தைப் போட்டோகூட எடுத்தார். காந்தாதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆபீஸ்காரன் யாருக்கா உத்தரவு குடுக்க? மரம் அவளோடது. அவளைக் கேட்டா போதும்" என்றாள்.

கேட்கவும் செய்தாள். ஒரு வெற்றிலையில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ, இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டிக் கல்லின் முன்னால் போட்டாள். வெள்ளை வந்தால் வெட்டலாம், சிவப்பு வந்தால் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். வெள்ளை. உத்தரவு கிடைத்துவிட்டது என்று சந்து முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். போட்டோ போனிலேயே கிடந்தது.

முனிகிருஷ்ணனுக்குப் பெயின்ட் வேலை. மூன்றாம் மாடிச் சாரத்தில் நின்று பீடி பிடிக்கிற மனுஷன், மரத்துக்கு ஆள் எதற்கு என்று கேட்டார். அவருடைய சிநேகிதர் கிளிஃபர்ட், பிரேசர் டவுன்காரர், கரண்ட் கம்பம் ஏறுகிற வேலையில் இருந்தவர். அவர்தான் தன்னுடைய பழைய பெல்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தடித்த தோல், பெரிய பித்தளைக் கொக்கி. கம்பத்தைச் சுற்றிப் போட்டு இடுப்போடு மாட்டிக்கொள்வது. இது இல்லாமல் ஏறாதே என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முனிகிருஷ்ணன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். காந்தா கற்பூரம் ஏற்றிவிட்டு நிமிர்ந்தவள் அதைப் பார்த்தாள்.

"ஐயோ, அது தோலுங்க. அம்மன் மேல படலாமா? கழட்டிட்டு ஏறுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கழற்றினார். வாசல் ஆணியில் மாட்டினார். செருப்பையும் ஓரமாக விட்டார். எனக்கும் அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. எங்கள் சந்தில் அதைத் தப்பு என்று சொல்ல ஒருத்தர்கூட இருந்திருக்க மாட்டார்.

கிளை பாதிக்கு மேல் அறுபட்டபோது தன் கனத்தில் தானே கிழிந்து இறங்கியது. மரம் ஒரு உதறு உதறியது. முனிகிருஷ்ணன் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே விழுந்தார். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காந்தா அழவில்லை. விதி என்றார்கள் சிலர். அம்மன் பலி கேட்டுவிட்டாள் என்றார்கள் சிலர். தக்காளி என்ன விலை என்று கேட்டுக்கொள்வதுபோல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனாள், வந்தாள், சோறு பொங்கினாள். கல்லுக்குத் தண்ணீர் தெளிப்பதை மட்டும் விட்டுவிட்டாள். துக்கத்துக்கு வந்த கிளிஃபர்ட் ஆணியில் தொங்குகிற பெல்ட்டைப் பார்த்தார். என்ன நடந்திருக்கும் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். திருப்பிக் கேட்கவில்லை. அது அங்கேயே தொங்கியது.

அவள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை, பழைய காந்தா திரும்பிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டிருப்பேன்.

வீணாவுக்கு ஹெப்பகோடியிலேயே பெண் குழந்தை பிறந்தது. அந்த மரம் நிற்கிற வரை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். நியாயம்தான். ஒரு பக்கத்துக் கிளை போய்விட்டதால் மரம் மறுபக்கம் சாய்ந்து, கிழிந்த இடத்திலிருந்து அடிமரம் வரை வெடிப்பு விட்டிருந்தது. விழுந்தால் அந்தப் பக்கம் காந்தா படுக்கிற அறைமேல்தான் விழும். மழை பெய்கிற நாளிலாவது என் வீட்டில் வந்து படு என்று கூப்பிட்டேன். "பரவால்லக்கா" என்றாள். அடுத்த வீட்டில் படுக்கக் கூச்சப்படுகிறவள் சொல்கிற பரவாயில்லை அல்ல அது. விழட்டும் என்று படுத்திருக்கிறவள் சொல்வது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

இந்தத் தடவை அவளைக் கேட்காமல் வீணாவும் நானும் மனு எழுதினோம். காந்தாவிடம் நீட்டினேன், கையெழுத்துப் போட்டாள். படிக்கவில்லை. அதிகாரி வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார், வெடிப்பில் விரல் வைத்துப் பார்த்தார், முன்னால் யார் வெட்டியது என்று கன்னடத்தில் கேட்டார். வீட்டுக்காரர் என்று காந்தாவும் கன்னடத்திலேயே சொன்னாள். அவரைக் கூப்பிடும்மா என்றார். இல்லை, இதிலிருந்து விழுந்து போய்விட்டார் என்றாள். மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோலச் சொன்னாள். அவர் குனிந்து நோட்டில் எழுத ஆரம்பித்தார்.

அனுமதி வந்தது. பழகிய ஆட்களை வைத்துத்தான் வெட்ட வேண்டும், கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்க வேண்டும், கரண்டை நிறுத்திச் சந்து வழியை மறிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. மரம் வெட்டுகிற வெங்கடசாமி தன் ஆட்களோடு வந்தார். சந்தின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி எங்களையெல்லாம் வெளியே நிறுத்தினார். காந்தா வேலைக்கு லீவு போட்டிருந்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் என்னோடு நின்றாள்.

வெங்கடசாமி ஏறுவதற்கு முன் கல்லைப் பார்த்தார். மஞ்சள் வெளுத்துப்போயிருந்தாலும் அம்மன் என்று தெரிந்தது. செருப்பை விட்டுவிட்டுக் கும்பிட்டார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மன் மரமா இது? நம்ம பெல்ட்டு தோலாச்சே. கழட்டி வெச்சிட்டு வெறும் கயித்துல ஏறிடவா?"

காந்தா கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். அவர் கை கொக்கிமேல் இருந்தது. அந்தக் கையைப் பிடித்து எடுத்துவிட்டாள்.

"கழட்டாதீங்கண்ணா."

வீட்டுக்குள் போனாள். ஆணியிலிருந்த கிளிஃபர்ட்டின் பெல்ட்டோடு வந்தாள். அதன்மேல் இத்தனை மாதத் தூசி. முந்தானையால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள், வெங்கடசாமி கை நீட்டுகிற வரை. அவள் தோள் குலுங்குவதை அப்போதுதான் பார்த்தேன்.

"இதையும் கட்டிக்கோங்க. அவ கோச்சிக்கிட்டா என்னைக் கோச்சிக்கட்டும்."

வெங்கடசாமி இரண்டையும் கட்டிக்கொண்டு ஏறினார்.