ரெண்டரையில் நின்ற முள்

மரக்காணத்திலிருந்து விழுப்புரத்துக்கு மீன் ஏற்றிப்போகும் வண்டிகளில் எங்களுடையதுதான் கடைசியாகப் போய்ச் சேரும். என் வீட்டுக்காரர் ஓட்டுவார். நான் கூடவே போய் மார்க்கெட்டில் விற்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த டர்போ டீசல் வண்டி ஒன்றுதான் இருந்தது. அதைப் போய் மற்றவர்கள் கட்டைவண்டி என்று கிண்டல் செய்ததை அவரால் தாங்க முடியவில்லை.

வேகத்தைக் கூட்டித் தர, பாண்டிச்சேரியிலிருந்து வண்டி ட்யூன் செய்பவர் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். டர்போ, இன்ஜினுக்குள் அடிக்கும் காற்றைக் கூட்டிவைத்தார். காற்றின் அழுத்தத்தைக் காட்ட ஸ்டியரிங் பக்கத்தில் சின்ன மீட்டர் ஒன்றையும் மாட்டினார். முள் ரெண்டரையைத் தாண்டாத வரைக்கும் பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மகராசன், அதற்கப்புறம் கண்ணில் படவே இல்லை.

வண்டி பறந்தது, பொய் சொல்லக் கூடாது. முதல் வண்டியாகப் போய் நின்றோம். ஐஸ் உருகுவதற்கு முன்னே வஞ்சிரம் விற்றுத் தீர்ந்தது. அவர் பாடிக்கொண்டே ஓட்டினார். அவருக்குப் பாட வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஆனால் டர்போவின் விசில் சத்தம் வரவரக் கூர்மையாகிக்கொண்டே போனது.

“இன்னாங்க, சத்தம் வேற மாதிரி வருதே.”

“முள்ளப் பாரு. ரெண்டரையிலயேதான நிக்குது? சும்மா பேஜாரு பண்ணிக்கினு வராத.”

பார்த்தேன். ஆணி அடித்த மாதிரி நின்றிருந்தது. நானும் அன்றைய மீன் கணக்கைப் போட ஆரம்பித்தேன்.

திண்டிவனம் மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் வெடித்தது. கரும்புகைக்கு நடுவில் வண்டி நின்றது. மெக்கானிக் வந்து கட்டி இழுத்துப் போவதற்குள் மீன் நாறிவிட்டது.

மெக்கானிக் இன்ஜினைப் பிரித்து, உடைந்த பிஸ்டனை வெளியே எடுத்து வைத்தார். பிறகு விரல் நீளம்கூட இல்லாத ஒரு சாமானைக் காட்டினார்.

“காத்து எவ்ளோன்னு இந்த சென்சார்தாங்க வண்டி கம்ப்யூட்டருக்கும் மீட்டருக்கும் சொல்லும். இதால ரெண்டரை வரைக்கும்தான் அளக்க முடியும். அதுக்கு மேல எவ்ளோ ஏறினாலும் ரெண்டரைன்னேதான் சொல்லும். ட்யூன்ல அதுக்கும் மேல வெச்சிருக்காங்க, அதான் கம்ப்யூட்டரும் பத்தலன்னு நெனைச்சிக்கினு இன்னும் அடி, இன்னும் அடின்னுது. ஓவரா போனா தானா அடங்கறதுக்கு ஒரு ஏற்பாடு இருந்துது. ட்யூன் பண்ண ஆளு அதையும் எடுத்துட்டாரு.”

என் வீட்டுக்காரர் சென்சாரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அதற்குத் துப்பில்லை. அதை நம்பி இரண்டு பேர் உட்கார்ந்து போயிருக்கிறோம்.

வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டோம். இப்போது அவர் கண்டமங்கலத்தில் வேறொருவரின் லாரியை ஓட்டுகிறார். பாட்டு நின்றுபோனது. சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. உடம்புக்கு என்ன என்று கேட்டாலும், மனசுக்கு என்ன என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: “நல்லாத்தான் கீறேன்.” காலையில் கேட்டாலும் ராத்திரி கேட்டாலும் அதே சொல், அதே குரல்.

இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. காப்பி குடித்துவிட்டு அவர் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தத்தைத்தான் கவனிக்கிறேன். அந்தச் சத்தமும் மாறிக்கொண்டே வருகிறது.