நகப்பூச்சு வைத்த போல்ட்

போன வருஷம் குறுவை அறுவடை முடிகிற சமயம். தஞ்சாவூர் புறவழிச்சாலையில் இருக்கும் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் நான் போட்ட சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. அன்று வந்த கோபத்தில் பாதி நியாயமானது. அந்தப் பாதிக்கு இப்போதும் நான் யாரிடமும் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரத்தநாட்டுப் பக்கம் கால்நடை மருத்துவர். அப்பா முதலில் பண்ணை வீட்டு டிராக்டரை ஓட்டினார், அப்புறம் சொந்தமாகவே ஒன்று வாங்கினார். பத்தாவது படிக்கும்போதே அதில் நான் சேற்றுழவு ஓட்டியிருக்கிறேன். அந்தப் பைத்தியம் விடவே இல்லை. நாற்பத்தெட்டு வயதில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். இரண்டே கதவு, கையால் மாற்றுகிற ஆறு கியர், தரையை ஒட்டிக்கொண்டு போகிற சிவப்பு வண்டி. மாட்டு டாக்டருக்கு இது எதுக்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஆசை, வேறென்ன.

புது டிராக்டர் வாங்கினால் முதல் கியர் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். புதுப் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது இரும்புப் பொடி உதிரும், அது ஆயிலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் முதல் சர்வீஸிலேயே கியர் ஆயிலையும் மாற்றிவிடுங்கள் என்று சொன்னேன். அங்கே சர்வீஸ் எழுதிக்கொள்கிறவர், டை கட்டிய இளைஞர், என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதெல்லாம் இப்ப தேவையில்லைங்க மேடம். சார் வரலையா?"

அந்த "சார் வரலையா" இருக்கிறதே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது நான். என் வீட்டுக்காரருக்கு சைக்கிள் தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாது. நான் பிடித்த பிடியில் நின்றதும், அந்தப் பிள்ளை என்ன செய்தது தெரியுமா? படிவத்தில் இருந்த இன்னொரு நம்பரைப் பார்த்து, என் எதிரிலேயே என் கணவருக்கு போன் போட்டது. மேடம் கியர் ஆயில் மாத்தச் சொல்றாங்க, மாத்திடலாமா சார் என்று கேட்டது. அவர் பாவம், பள்ளிக்கூடத்தில் வகுப்பில் இருந்தார். "தம்பி, கியர் எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. அவங்க சொல்றதைச் செய்யுங்க" என்றார்.

சரி, வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்றேன். அதற்கும் முடியாதாம். தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், வாடிக்கையாளர் அதைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊர்ப் பட்டறையில் வண்டியை விட்டவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மெக்கானிக் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இங்கே ஏ.சி. அறையில் காபி கொடுத்து உட்கார வைக்கிறார்கள். யார் வண்டியை யார் பார்க்கக் கூடாது என்பது? ரெண்டு நாள் கழித்து வண்டியை விடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஏன் என்றால், பார்க்க விடாத இடத்தில் வண்டியை விடுகிறவர்களுக்கு எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. கழற்ற வேண்டிய போல்ட்டின் மேல், போல்ட்டும் அது மாட்டியிருக்கிற இரும்புக் கூடும் சேருகிற இடத்தில், ஒரு சொட்டு பெயிண்ட் வைத்துவிடுவார்கள். போல்ட்டைத் திருகினால் பெயிண்ட் உடையும். உடையவில்லை என்றால் வேலை நடக்கவில்லை.

எங்கள் தெரு முனையில் இருக்கும் டிராக்டர் பட்டறையில், கீழே இறங்கி வேலை பார்க்க ஒரு பள்ளம் இருக்கிறது. மத்தியானம், பட்டறைக்காரர் சாப்பிடப் போன நேரம், காரை அதன் மேல் நிறுத்திவிட்டு இறங்கினேன். முன்பக்கம் முழுக்கக் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. பின்னால், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், உருண்டையான இரும்புக் கூடு, அதன் அடியில் ஆயில் போல்ட். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய இடம்தானே. சிவப்பு நகப்பூச்சை எடுத்து ஒரு கோடு இழுத்தேன். போனில் படமும் எடுத்துக்கொண்டேன்.

வண்டியை விட்டேன், சாயங்காலம் எடுத்தேன். கியர் ஆயில் மாற்றியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். வழியெல்லாம் பாதிச் சாலைக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள், ஒதுங்கி ஒதுங்கி வந்து நேராகப் பள்ளத்துக்குத்தான் போனேன். டார்ச் அடித்துப் பார்த்தால் என் நகப்பூச்சு வைத்தது வைத்தபடி இருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை. அதையும் படம் எடுத்துக்கொண்டேன்.

வந்ததே கோபம். அடுத்த நாள் காலை முதல் வேலையாக அங்கே போய் நின்றேன். வரவேற்பறையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையோடு ஒரு தம்பதி, பேராவூரணியிலிருந்து வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு தேங்காய் வியாபாரி, இன்னும் யார் யாரோ. எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் பேசினேன். உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். "ஆயிலே மாத்தாம மாத்தினேன்னு எழுதிக் கொடுத்திருக்கான். இதுக்குப் பேர் திருட்டு இல்லாம வேற என்ன? உங்க வண்டியெல்லாம் பார்த்து விடுங்க" என்று அந்த ஜனங்களைப் பார்த்தும் சொன்னேன்.

மேலாளர் ஓடி வந்தார். என் போனில் இருந்த இரண்டு படங்களையும் ஒரு நொடிதான் பார்த்தார். உடனே வேலை செய்த மெக்கானிக்கைக் கூப்பிட்டார். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான மனிதர், வேதாரண்யம் பக்கம். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். மேலாளர் அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை.

"ஐ.டி. கார்டைக் கழட்டி வச்சிட்டுக் கிளம்பு."

"மாத்துனேன் சார்."

"பேசாத. மேடம் போட்டோவே வச்சிருக்காங்க."

அவர் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லா வேணும் என்று நினைத்தேன்.

போகிறவர் நின்று, "அந்தப் படத்தை நான் ஒருதடவை பாத்துக்கலாங்களா மேடம்?" என்றார். வேண்டா வெறுப்பாகப் போனை நீட்டினேன். பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"வீட்ல டிராக்டர் ஓட்டிருக்கீங்களா மேடம்?"

ஆமாம், அதற்கென்ன என்றேன்.

"டிராக்டர்ல கியர் பாக்ஸும் பின்னாடி அச்சும் ஒரே கூடு, ஒரே ஆயிலு. இந்த வண்டியில வேற வேறங்க. நீங்க மார்க் வச்சது பின்னாடி அச்சோட போல்ட், கிரவுன்னு சொல்லுவோம். அதை நான் தொடவே இல்லை. கியர் பாக்ஸ் போல்ட்டு முன்னாடி, அந்த பிளாஸ்டிக் மூடிக்கு மேல இருக்கு."

போனை வாங்கி அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தேன். வண்டியைத் தூக்கிப் பார்த்துவிடலாம் என்று மெக்கானிக்கே சொன்னார். அப்போது மட்டும் அந்த மஞ்சள் கோடு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வண்டி மேலே போனதும் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த போல்ட்டைச் சுற்றிப் புது வாஷர் பளபளவென்று இருந்தது. பிறகு அலமாரிக்குப் போய் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்தார். பாதிவரை பழைய ஆயில். வெளிச்சத்தில் பிடித்து ஆட்டினார், சாம்பல் நிறத்தில் பொடி மினுமினுத்தது.

"உங்ககிட்ட காட்டணும்னு எடுத்து வச்சேங்க. எழுதுறவர்கிட்ட சொல்லிவிட்டேன், அவர் மறந்துட்டார் போலருக்கு. இவ்வளவு பொடி இருந்துச்சு. நீங்க மாத்தச் சொன்னது சரிதாங்க மேடம்."

அந்தக் கட்டடத்தில் நான் சொன்னது சரி என்று நினைத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் வேலைக்குத்தான் நான் உலை வைத்திருக்கிறேன்.

என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஒரு மாடு படுத்துவிட்டது என்று கூப்பிட்டால்கூட, மாட்டுக்காரரிடம் பத்துக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் மேலே கையை வைப்பேன். இந்த மனிதரிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. என்னைக் கேட்காமல் என் வீட்டுக்காரரைக் கேட்டார்களே என்று குதித்தவள், வேலை செய்தவரை விட்டுவிட்டு அவருடைய மேலாளரிடம் போய் நின்றிருக்கிறேன்.

கூத்து அதோடு முடியவில்லை. மேலாளர் சிரித்துக்கொண்டே, "சரி சரி, கார்டை எடுத்து மாட்டிக்க. மேடம் அலைஞ்சிருக்காங்க, ஒரு சாரி சொல்லிடு" என்றார். கொஞ்ச நேரம் முன்னால் ஒருவரின் பிழைப்பைப் பிடுங்கிய ஆள், அவரையே மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். இதைவிட அநியாயம் என்ன என்கிறீர்கள், அவர் கேட்டும் விட்டார். "சாரிங்க மேடம்."

"அவர் எதுக்குக் கேக்கணும்? நீங்களும் நானும்தான் கேக்கணும்" என்று மேலாளரிடம் கத்தினேன். நான் அந்த மெக்கானிக்கைப் பார்த்துக் கைகூப்பி, தப்பு என்னோடதுங்க, மன்னிச்சிடுங்க என்றேன். "பரவால்லைங்க, விடுங்க" என்று சொல்லிவிட்டு மூடியை மாட்டப் போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பரவாயில்லை என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

எல்லோர் எதிரிலும் திட்டினேனே, எல்லோர் எதிரிலும் திருப்பிச் சொல்லிவிடுவோம் என்று வரவேற்பறைக்கு ஓடினேன். நாற்காலிகள் காலி. வண்டியை லிஃப்டில் ஏற்றி இறக்குவதற்குள் அவர்களெல்லாம் தங்கள் வண்டியை விட்டுவிட்டோ எடுத்துக்கொண்டோ கிளம்பிவிட்டார்கள். தேங்காய் வியாபாரியும் இல்லை, குழந்தையோடு வந்தவர்களும் இல்லை. டை கட்டிய பிள்ளை மட்டும் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தது.

நடந்ததை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் கொடுத்தேன். அந்த மெக்கானிக்கின் வேலை போகவில்லை, அடுத்த சர்வீஸுக்குப் போனபோது அவர் அங்கேதான் இருந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பக்கத்தில் நின்று பார்க்க விட்டிருந்தால் இந்தக் கண்றாவி எதுவுமே நடந்திருக்காது என்று அந்த மஞ்சள் கோட்டின் மேல் இன்னும் எனக்குக் கோபம்தான்.

ஆனால் வேலை மட்டுமா ஒரு மனிதருக்கு? அன்று நான் போட்ட சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போன பத்துப் பேர், அதை எத்தனை பேரிடம் சொன்னார்களோ. அவர்கள் ஊரும் தெரியாது, பேரும் தெரியாது. அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறேன். அந்தக் காலையில் அங்கே உட்கார்ந்திருந்தவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து தெரிந்துகொள்ளுங்கள்: அவர் ஆயிலை மாற்றியிருந்தார்.