மகன் சட்டையில் வேலாயுதம்

கருநீலச் சட்டையின் பின்பக்க வாலை வேலாயுதம் ஒரே வெட்டில் கத்தரித்து எடுக்கிறார். நைந்துபோன கழுத்துப்பட்டைக்குப் பதிலாக அந்தத் துண்டு ஏறும். வால் போன இடத்துக்குக் கோதுமை மாவுச் சாக்கின் துணி. சாக்கில் அச்சடித்திருந்த சிவப்பு எழுத்துகள் எத்தனை துவைத்தும் முழுதாகப் போகவில்லை. “பேண்டுக்குள்ள போற துணி எதுவா இருந்தா என்னலா? எவன் வந்து அவுத்துப் பாக்கப் போறான்?” என்கிறார், நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நோரிஸ் ரோட்டில், கீழே கடை இருக்கும் கடைவீட்டின் மாடியில் இதுதான் அவர் வேலை. மாடி முழுக்கப் பலகைத் தடுப்பு போட்ட அறைகள். படிக்கட்டை ஒட்டியது அவருடையது; அதற்கடுத்தது என்னுடையது. நடைவழியில் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து முக்காலி போட்டு உட்கார்வார். ஐம்பதைத் தாண்டியவர். குறுகலான தோள், வயிறு மட்டும் முன்னால் தள்ளிய உடம்பு. செம்பவாங் கடற்படைத் தளத்தில் படகுகளை மூடும் கித்தானைத் தைத்தே காலம் கழித்த கை. முதலில் சட்டைக்கும் அந்தத் தையலையே போட்டாராம். “போட்டுப் பாத்தா கழுத்துல கயிறு கட்டின மாதிரி இருந்துச்சு தம்பி.” இப்போது தையல் பொடிசாகிவிட்டது. ஆனாலும் ஊசியை இழுக்கும்போதெல்லாம், கித்தானை இழுக்கிற கணக்கில் கை தோள் உயரத்துக்குப் போய் வருகிறது.

அவர் குடும்பத்தில் துணிக்கென்று ஒதுக்கும் பணம் மகள் கண்மணியின் பள்ளிச் சீருடையோடு தீர்ந்துவிடும். மற்றவர்கள் இருப்பதைத்தான் புதிதாக்கிக்கொள்ள வேண்டும். வேலாயுதம் வெட்டியும் ஒட்டியும் புதிதாக்குவது மகன் மாணிக்கத்தின் துணிகளை. மாணிக்கம் இப்போது உயிரோடு இல்லை.

அவன் ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். சம்பளம் வாங்கிய கையோடு துணிக்கடைக்குப் போகிற பையன். இளமஞ்சள், வெளிர்நீலம், மெல்லிய கோடு போட்ட வெள்ளை என்று எல்லாம் அளவெடுத்துத் தைத்த பாப்ளின் சட்டைகள். கை வைத்தால் அறுக்கும்படி மடிப்பு வைத்த பேண்டுகள். மண்டாய் ரோட்டு வளைவில் ஒரு லாரி அவனை மோட்டார் சைக்கிளோடு அடித்துப் போட்டுவிட்டது. அன்று உடுத்தியிருந்ததைத் தவிர மற்றதெல்லாம் வீட்டில் மடித்தது மடித்தபடி இருந்தது. தாய் பூவம்மா அவற்றை அந்துருண்டையோடு தகரப் பெட்டியில் அடுக்கிப் பூட்டினார்.

மறு வருடம், தளத்தை மூடப்போவதாகச் சொல்லி வெள்ளைக்காரன் ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தான். வேலாயுதத்துக்கு வேலை போனது. வேலையோடு குவார்ட்டர்ஸும் போனது. மூன்று பேரும் தகரப் பெட்டியோடு நோரிஸ் ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஜூரோங்கில் புதிய தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். தளத்தில் போட்டுப் பழகிய காக்கி அரை டிராயர்தான் அவரிடம் இருந்தது. “வாசல்ல நின்னவன் என் மூஞ்சிய பாக்கல, முழங்கால பாத்தான். பாத்துட்டு மரம் தூக்கற ஆளுங்க வரிசைக்குக் கைய காட்டிட்டான். ஸ்டோர் வேலை கேட்டு வந்தேன்னு சொல்ல எனக்கு வாயே வரல.”

திரும்பி வந்து இதைச் சொன்னதும் பூவம்மா தகரப் பெட்டியைத் திறந்தார். துணிகளை எடுத்து அவர் மடியில் வைத்தார். “பூச்சி திங்கறதுக்குப் பதிலா நீங்க போட்டுக்குங்க.” அப்படிச் சொன்னாரே தவிர, கத்தரிக்கோல் சத்தம் அவருக்குத் தாங்கவில்லை. வேலாயுதம் வெட்டி முடிக்கும்வரை வீரமாகாளியம்மன் கோயிலில் போய் உட்கார்ந்திருந்தார்.

மகன் அவரைவிட ஒரு பிடி உயரம். அதனால் பேண்டின் காலில் மிஞ்சிய துணி அப்பாவின் இடுப்புக்குத் தக்கபடி அகலம் கூட்டும் ஆப்புத் துண்டாக ஏறியது. சட்டையின் முன்பக்கத்துக்கு விலாவோரம் பட்டை கொடுத்தார். முதுகுப் பக்கத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை; அளவு கச்சிதம். மறுபடி ஜூரோங் போனார். இந்தத் தடவை முன்வாசல் வழியாகவே உள்ளே விட்டார்கள். ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் உதவியாள் வேலை கிடைத்தது.

சில வாரம் கழித்து, ஒரு சாயங்காலம். மாடிக்குப் பொதுவான சமையலறையில் நான் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். வெளிர்நீலச் சட்டையோடு வேலாயுதம் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே வந்த பூவம்மா, தினமும் பேசுகிற சாதாரணக் குரலில், “மாணிக்கம், வந்துட்டியாப்பா? என்ன இவ்வளவு லேட்டு?” என்றார்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வேலாயுதம் திரும்பவில்லை. திரும்பினால் அந்த முகம் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். “ம்” என்றார்.

“அந்த ஒத்த எழுத்த சொல்லாம இருந்திருக்கணும் தம்பி,” என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். “மொத நாளு தெரியாம கூப்பிட்டா. அப்புறம் தெரிஞ்சே கூப்பிட ஆரம்பிச்சுட்டா.”

அதற்கப்புறம் பூவம்மா அவர் முதுகோடு பேசினார். வேலையிலிருந்து வந்தால் சட்டையைக் கழற்ற விடமாட்டார். சுவரைப் பார்க்க உட்காரவைத்து, பின்னாலிருந்து எட்டித் தட்டை வைப்பார். மாணிக்கத்துக்குப் பிடித்த இக்கான் பிலிஸ் சம்பல், அந்த நெத்திலிக் கருவாட்டுச் சம்பல், அடிக்கடி வந்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் பூவம்மாவின் சிரிப்பு எனக்குக் கேட்கும். பூவம்மா தேறிவிட்டார் என்று மாடியில் எல்லாரும் பேசிக்கொண்டோம். வேலாயுதமும் அப்படித்தான் நினைத்தார். “சிரிக்கறா, சாப்பிடறா. நான் சுவத்த பாத்து உக்காந்தா என்ன கொறஞ்சு போவுது?”

பிறகு ஒரு நாள் பூவம்மா குரலைத் தாழ்த்தி அந்த முதுகிடம் சொன்னார்: “உங்கப்பாகிட்ட சொல்லிடாத. எனக்கு இருக்கப் பிடிக்கலப்பா. கண்மணி தலையெடுத்துட்டான்னா நானும் உங்கிட்ட வந்துடறேன்.”

வேலாயுதம் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சொல்லக்கூடாததை என்னிடமே சொல்கிறாளே என்ற ஒரே நினைப்புதான் ஓடியதாம்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. ஒலி முகம்மதுவின் சில்லறைக் கடையில் கருநீலச் சாயப்பொடி கேட்டார். “எதுக்குண்ணே? அந்தச் சட்டைங்க ஒண்ணும் வெளுக்கலையே,” என்றார் ஒலி முகம்மது. “அழுக்கு தெரியாம இருக்கட்டும்,” என்று சொல்லி வாங்கிவந்தார். காலி மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, உப்பும் சாயமும் கரைத்து, இளமஞ்சள், வெளிர்நீலம், கோடு போட்ட வெள்ளை என்று ஒவ்வொன்றாக உள்ளே அமுக்கினார். மேலே மிதந்து வந்த கையைக் கட்டையால் மறுபடி மறுபடி அமுக்கிவிட்டார்.

மார்க்கெட்டிலிருந்து பூவம்மா திரும்பியபோது எல்லாம் ஒரே நிறமாக மூங்கில் கழியில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. கூடையைக் கீழே வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஒரு தடவ லாரிக்காரன்,” என்றார். “இப்ப நீங்க.”

அதன் பிறகு அவர் முதுகோடும் பேசவில்லை, முகத்தோடும் பேசவில்லை. தட்டை வைப்பார், போய்விடுவார். வேலாயுதம் அதற்கெல்லாம் கோபிக்கவில்லை. பள்ளி விட்டதும் வேறெங்கும் நிற்காமல் வீட்டுக்கு வரும்படி கண்மணியிடம் சொல்லிவைத்தார். எனக்கு அச்சகத்தில் இரவுப் பணி என்பதால் பகலில் அறையில்தான் இருப்பேன். என்னிடம் வந்து, “கதவ கொஞ்சம் திறந்தே வைங்க தம்பி. சும்மா, காத்துக்கு,” என்றார். சொல்லிவிட்டுப் போகாமல் கதவின் தாழ்ப்பாளையே தடவிக்கொண்டு நின்றார். நான் அன்றிலிருந்து கதவைச் சாத்துவதில்லை.

மலிவுச் சாயம். ஸ்டோரின் தகரக் கூரைக்குக் கீழே நாள் முழுக்க வியர்த்ததில் நீலம் சட்டையை விட்டு அவர் மேல் இறங்கத் தொடங்கியது. கழுத்திலும் மணிக்கட்டிலும் கன்றிப்போன மாதிரி வளையம். யாரோடு அடிதடி என்று தொழிற்சாலையில் கேலி செய்தார்களாம். “பொண்டாட்டியோடன்னு சொல்லிட்டேன்,” என்றார். சிரிக்கவில்லை.

போன வாரம் அவர் குழாயடியில் வெற்று மேலோடு நின்று கழுத்தைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நீலம் போகவில்லை. தேங்காய் நாரை எடுத்து அழுத்தியதில் அங்கங்கே தோல் உரிந்து சிவந்திருந்தது. அடுப்படியில் குழம்பு கிளறிக்கொண்டிருந்த பூவம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். அடுப்பைத் தணித்தார். ஒரு கந்தலில் தேங்காய் எண்ணெயை ஊற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்று, கையிலிருந்த நாரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிடரியைத் துடைக்க ஆரம்பித்தார். வேலாயுதம் அசையவில்லை. சவர்க்கார நுரை அவர் முழங்கை வழியாக வடிந்து தரையில் சொட்டியது. கந்தல் நீலமாகும்வரை பூவம்மா நிறுத்தவில்லை.

“திரும்புங்க,” என்றார். “முன்னாடியும் இருக்கு.”

வேலாயுதம் திரும்பினார். பூவம்மா ஒரு விரலால் அவர் தாடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, தொண்டையில் படிந்திருந்ததைத் துடைக்கத் தொடங்கினார்.