காற்றில்லாத அறையின் கணக்கு

நான் போட்ட ஒரு கணக்கு தவறு. தவறென்று தெரிந்தபிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால் ஒருவர் திரும்பவும் சுரங்கத்துக்குள் இறங்கி, ஒரு வருடம் அங்கேயே கிடக்க நேர்ந்தது.

அறுபதுகளின் நடுவில் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளனாக இருந்தேன். வெடிமருந்துக் கிடங்கின் கதவைத் திறக்காமலே உள்ளே எவ்வளவு சூடு என்று வெளியிலிருந்து பார்க்க, பிளாட்டினக் கம்பி வைத்த வெப்பமானி ஒன்றைப் பொருத்தினேன். அதை அளக்கக் கம்பியில் மின்சாரம் ஓடவேண்டும். ஓடினால் கம்பி தானும் சற்றுச் சூடேறும். மருந்து இருக்கும் இடமாயிற்றே, அந்தச் சூடு எவ்வளவு என்று முதலிலேயே கணக்கிட்டேன். அரை டிகிரிகூட வரவில்லை.

ஆபத்து எதுவுமில்லை, அதுவரை சரிதான். ஆனால் கம்பியின் சூட்டைக் காற்று எவ்வளவு கொண்டுபோகும் என்ற எண்ணை நான் சுரங்கத்துக்குள் அளந்து எடுத்திருந்தேன். அங்கே எந்த ஆழத்துத் தளத்திலும் மின்விசிறிக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். காற்று அசையாத ஓர் அறை என் நினைவிலேயே வரவில்லை.

கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் நுரையீரலில் பாறைத்தூள் ஏறியவர். இனி கீழே போனால் தாங்கமாட்டார் என்றுதான் மேலே அந்த வேலை கொடுத்திருந்தார்கள். கிடங்கு சூடேறாமல் கூரைமேல் கோணி பரப்பித் தண்ணீர் தெளிப்பது அவர் பொறுப்பு. கோடையில் என் கருவியின் முள் அபாயத்தைக் காட்டும் சிவப்புக் கோட்டைத் தாண்டியது.

"தண்ணி ஊத்திக்கினேதான் சார் கீறேன். உள்ள குளுமையாதான் சார் கீது" என்றார்.

"முள்ளு பொய் சொல்லுமா?" என்றார் கண்காணிப்பாளர். தண்ணீர் ஊற்றவில்லை என்று மறுவாரமே கிடங்குக்காரரைக் கீழே சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

சந்தேகம் வந்து பழைய பாதரச வெப்பமானியை என் கருவிக்கு அருகில் தொங்கவிட்டுப் பார்த்தேன். என்னுடையது நான்கு டிகிரி அதிகம் காட்டியது. காற்று அசையாத அறையில் கம்பி தன் சூட்டையும் சேர்த்தே அளந்துகொண்டிருந்தது. யாரிடமும் சொல்லாமல் மின்சாரத்தைக் குறைத்தேன். முள் இறங்கியது.

"பாத்தியா, ஆள் மாறினதும் சூடு எறங்கிடுச்சு" என்றார்கள். என் திருத்தமே அவர்மீது குற்றத்தை உறுதிப்படுத்திவிட்டது. அப்போதும் நான் பேசவில்லை. பதவி உயர்வு வரும் சமயம் அது.

அடுத்த கோடையில், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலில் அவரைப் பார்த்தேன். மேலே வந்த கேஜ் கூண்டிலிருந்து இறங்கிச் சுவரைப் பிடித்து மூச்சுவாங்கிக்கொண்டிருந்தார். "இன்னா மேஸ்திரி, தண்ணி ஊத்தினியா?" என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "நல்லா கீறீங்களா சார்?" என்றார்.

மறுநாள் காலை கண்காணிப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினார், பதவி உயர்வும் போயிற்று. மேஸ்திரியை மேலே எடுத்து, சுரங்க விளக்குகள் கொடுக்கும் விளக்கு அறையில் போட்டார்கள். தொழிலாளர் குடியிருப்பில் அவருடைய லைன் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னேன். வெகுநேரம் இருமிவிட்டு, "எனக்கு இன்னாத்துக்கு சார்? எனக்குத் தெரியும். அவனுங்களுக்குச் சொல்லுங்க" என்றார்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் ஷாப்ட் வாசலில் நின்று எல்லாரிடமும் சொன்னேன்: என் முள்தான் தவறு, அறை குளுமையாகத்தான் இருந்தது.

"அப்ப சூடு ரூமுக்கு இல்ல, சாரோட மிசினுக்குத்தான்!" என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். விளக்கு அறை ஜன்னலில் அவர் நின்றிருந்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

அந்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை. சாவு வீட்டுக்கு வெளியே தயங்கி நின்றேன். அவர் மனைவி எழுந்து வந்தார்.

"ரூமு குளுமையாதான் இருந்திச்சின்னு சொன்னவரு நீங்கதானே?"

தலையசைத்தேன்.

"ஒரு வருசம் முன்னாடி சொல்லியிருக்கலாம் சார்" என்றார். பிறகு, நான் உள்ளே போக வழிவிட்டு நின்றார்.