ஆளில்லாத ஒழுங்கையில் சோலார் பூட்டிய கதை

சோலார் பூட்டுகிறவனுக்குப் பாதி வேலை கூரையில், மீதி வேலை தொலைபேசியில். கூரையில் வெயில் சுடும்; தொலைபேசியில் வெளிநாட்டுக்காரர் சுடுவார்கள். யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழில் செய்து அவதிப்படுகிற சகபாடிகளுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. காசு போடுகிறவர் ஒரு நாட்டில், வீடு இன்னொரு நாட்டில், பூட்டின் திறப்பு பக்கத்து வீட்டில்.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வயர் இல்லாமல் எதுவும் ஓடாது என்று படித்தவன் நான். இருந்தாலும் பண்டத்தரிப்பில் ஒரு ஒழுங்கை இருக்கிறது. அங்கே போகிற நாட்களில் மட்டும் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்படுவேன்.

எல்லாரும் வீட்டில் நிற்கிற நேரம்

அந்த ஒடுங்கிய ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பெரிய பெரிய கல்வீடுகள். ஒன்றிலும் ஆளில்லை. உரிமையாளர்கள் ஒஸ்லோ, ரொறன்ரோ, மெல்பேர்ண் என்று போய்விட்டார்கள். "உலகம் சூடாகுது எண்டு எல்லாரும் கத்தினம். எங்கடை கூரையள் சும்மாதானே கிடக்குது" என்று ஒஸ்லோவில் இருக்கும் ஸ்ரீ அண்ணைதான் முதலில் தொடங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் பூட்டினார்கள். பகலில் வருகிற மின்சாரம் ஊருக்குப் போகும். கூடவே எல்லாரும் இன்னொன்றும் கேட்டார்கள். மைம்மலில், விளக்கு வைக்கிற நேரத்துக்கு, முன்விறாந்தையில் ஒரு லைற் தானாக எரியவேண்டும். வீடு இருண்டு கிடக்கக்கூடாது. கரண்ட் போனாலும் எரிவதற்கு ஒரு பற்றரியும் வேண்டும்.

கடைசி வீட்டு வேலையை முடித்து ஏணியால் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒழுங்கை முழுக்க ஒரே கணத்தில் வெளிச்சம். ஒரு கதவு திறக்கவில்லை, ஒரு பிள்ளை அழவில்லை, ஒரு குசினியிலும் புகை இல்லை. எல்லாம் நானே பூட்டிய லைற்றுகள், நானே நேரம் வைத்தவை. ஆனாலும் நிலத்தில் கால் வைக்க மனம் வரவில்லை.

ஒழுங்கை முடிவில் ஒரு சின்ன ஓட்டு வீடு. அங்கே மட்டும்தான் ஆட்கள். மற்ற வீடுகளின் திறப்புகளையெல்லாம் வைத்திருக்கிற றெஜினா அக்கா வாசல் படலையில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்பிடாதேங்கோ தம்பி, எங்களுக்குப் பழகிட்டுது. இந்த நேரத்துக்கு எல்லாரும் வீட்டிலை நிப்பினம்."

உள்ளே யாரோ

ஒருநாள் பகல் ஸ்ரீ அண்ணை தொலைபேசி எடுத்தார். "தம்பி, என்ரை வீட்டுக்குள்ளை ஆரோ இருக்கினம்." பூட்டிக் கிடக்கிற வீடு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதை அவர் ஒஸ்லோவில் இருந்தபடியே தொலைபேசியில் ஒரு கோடாகப் பார்க்கலாம். அந்த வசதியைச் செய்து கொடுத்த புத்திசாலி நான்தான். அன்று ஊரெங்கும் கரண்ட் இல்லை. விறாந்தை லைற் எரிகிற நேரமும் இல்லை. ஆனால் கோடு மேலே ஏறி அப்படியே நிற்கிறதாம்.

போனேன். முன்கதவு சாத்தியிருந்தது, தள்ளத் திறந்தது. உள்ளே கதிரை, மேசை எல்லாம் வெள்ளைச் சீலை போர்த்துக் கிடந்தன. நடுவிலிருந்து மூச்சுச் சத்தம் வந்தது. புஸ் என்று நீளமாக ஒன்று, பிறகு டக், திரும்பவும் புஸ். கண் இருட்டுக்குப் பழகிய பிறகு, சீலை போர்த்தாத ஒரு கதிரை தெரிந்தது. அதில் றெஜினா அக்காவின் புருஷன் மரியதாஸ் அண்ணை, மூக்கில் குழாயோடு இருந்தார். காலடியில் ஒக்சிசன் மெஷின் ஓடியது.

குருநகரில் சங்கு குளித்தவர் அவர். சுவாசப்பை பழுதாகிவிட்டது. மெஷின் நின்றால் கனநேரம் தாங்கமாட்டார். கரண்ட் போனால் மெஷின் நிற்கும். ஆளில்லாத வீடுகளில் எல்லாம் பற்றரி இருந்தது, ஆளிருக்கிற அந்த ஒரு வீட்டில் இல்லை. அதனால்தான் அக்கா திறப்பை எடுத்து, அவரைக் கைத்தாங்கலாக இங்கே கூட்டிவந்து இருத்தியிருக்கிறார். இத்தனை நாளும் அந்தப் படலையைத் தாண்டிப் போய்வந்தும் எனக்கு இது தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது. அண்ணை விட்டுவிட்டுத்தான் கதைத்தார்.

"ஸ்ரீயைக் கோவிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ தம்பி. கரண்ட் வந்தோடனை நான் எழும்பிப் போயிடுவன்."

பல நாட்டுக் கூரை

நடந்ததைச் சொன்னதும் ஸ்ரீ அண்ணை மற்ற வீட்டுக்காரர்களுக்குத் தொலைபேசி எடுத்தார். அடுத்த நாளே ஒழுங்கைக்காரர் எல்லாரும் தொலைபேசியில் கூடினார்கள். ஒருவருக்கு விடிகிற நேரம், ஒருவருக்கு வேலை நேரம், ஒருத்தி பஸ்ஸுக்குள் இருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் சில பனல்களைக் கழற்றி றெஜினா அக்காவின் கூரையில் பூட்டுவது, ஸ்ரீ அண்ணையின் பற்றரியையும் அங்கே கொண்டுபோவது என்று முடிவானது.

வெவ்வேறு கம்பனிப் பனல்களைக் கோர்த்தால் ஒன்று மற்றதன் மின்சாரத்தையும் இழுத்து விழுத்தும் என்று நான் சண்டை பிடித்தேன். ரொறன்ரோக்காரரின் மகள் அங்கே மின்பொறியியலாளர். நான் கூரையில் நிற்க, அவள் தொலைபேசிக்குள் நின்று எதை எதோடு சேர்ப்பது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள். குருநகரிலிருந்து அண்ணையோடு கடலுக்குப் போன கூட்டாளிகள் வந்து, ஓடு கழற்றி, பனல்களைத் தோளில் சுமந்து ஏற்றினார்கள். அடுத்தமுறை கரண்ட் போனபோது மெஷின் நிற்கவில்லை. அந்த வீட்டு மின்சாரக் கோடு எல்லாருடைய தொலைபேசியிலும் தெரியும்படி செய்து கொடுத்தேன். ஒழுங்கை வீட்டுக்காரி குமுதா மெல்பேர்ணிலிருந்து குரல் அனுப்பியிருந்தாள்.

"எழும்பினோடனை சாமி கும்பிட முதல் அந்தக் கோட்டைத்தான் பாக்கிறன் அண்ணை. கோடு ஓடினா மனிசன் இருக்கிறார் எண்டு நிம்மதி."

விழுந்த கோடு

தெல்லிப்பழையில் ஒரு கூரையில் நின்றபோது ஒன்றன்பின் ஒன்றாக எல்லா நாட்டிலிருந்தும் அழைப்பு. கோடு விழுந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. போய்ப் பார்த்தால் அண்ணை, அவசரத்துக்கென்று அண்மையில் வாங்கிய சின்ன ஒக்சிசன் சிலிண்டரில் மூச்சு விட்டபடி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மெஷினை நிப்பாட்டிக் கழுவிய, காற்று வடிக்கிற பில்டர் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. படியில் நின்றபடியே எல்லா நாட்டுக்கும் எடுத்து, ஆள் சுகம் என்று சொன்னேன். அக்காவுக்குச் சரியான கோபம்.

"இனி ஊத்தை கழுவிறதெண்டாலும் கனடாவிட்டைக் கேட்டுப்போட்டோ கழுவிறது?"

நிற்காத கோடு

மரியதாஸ் அண்ணை மாரி தொடங்கிய கையோடு ஆஸ்பத்திரியில் கண் மூடினார். அதையும், அடக்கம் முடிந்ததையும் நான்தான் எல்லாருக்கும் அறிவித்தேன். தொலைபேசிக்குள்ளேயே அழுதார்கள். ஒரு சொந்தக்காரர்போல நானும் அழுதேன். அதற்குப் பிறகு ஸ்ரீ அண்ணை எனக்குத் தனியாகத் தொலைபேசி எடுத்தார். குரலை இறக்கி, பக்கத்தில் யாரோ நிற்பதுபோலக் கதைத்தார். "அடக்கம் முடிஞ்சுதெண்டு சொன்னீங்கள் தம்பி. கோடு இன்னும் ஓடுதே."

பார்த்தேன். ஓடியது. அண்ணை உயிரோடிருந்தபோது எந்த உயரத்தில் ஓடியதோ, அதே உயரம். அதைப்பற்றி மற்ற யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் போனேன். படலையிலேயே கேட்டது. புஸ், டக், புஸ். வெறும் கதிரை, அதன் கைப்பிடியில் குழாய் சுற்றிக் கிடந்தது, நுனியால் காற்று வந்துகொண்டிருந்தது. றெஜினா அக்கா எதிரே இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மெஷினை நிப்பாட்டட்டுமா என்று கேட்டேன். அக்கா வெங்காயத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"நிப்பாட்டிப் பாத்தனான் தம்பி. நான் மூச்சு விடுற சத்தம் எனக்கே கேட்டுது, பயந்து திரும்பப் போட்டிட்டன்."

எங்கள் தொழிலில் வேலை செய்யாத சாமானுக்குத்தான் உத்தரவாதம் எழுதிக் கொடுக்கிறோம். ஒரு பழுதுமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிற சாமானை என்ன செய்வது என்று எந்த நாட்டுக் கம்பனியும் இன்னும் சொல்லித் தரவில்லை.